புது லேப்டாப்போடு வந்த வேண்டாத மென்பொருள்கள்: சுத்தம் செய்வதா, லினக்ஸுக்கு மாறுவதா?

கல்லணை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தங்கை மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். அவளுக்காகப் புது லேப்டாப் வாங்கினோம். ஐ3 பிராசசர், 8 ஜி.பி. ராம், விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்று கடையில் சொன்னார்கள்.

பெட்டியைப் பிரித்து ஆன் செய்த அன்றிலிருந்து தொல்லை. வலது மூலையில் ஒரு ஆன்டிவைரஸ் வந்து "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பில் காட்டுகிறது. பிள்ளை பயந்துபோய் அப்பாவின் ஏ.டி.எம். கார்டைக் கேட்டிருக்கிறாள். டெஸ்க்டாப்பில் ஷாப்பிங் தளத்துக்கு ஒரு ஐகான், ஸ்டார்ட் மெனுவில் யாரும் கேட்காத விளையாட்டுகள், "கணினி ஆரோக்கியம்" பார்ப்பதாகச் சொல்லும் கம்பெனி ஆப் இரண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், ஒன்றுமே ஓடாத நேரத்திலும் பாதி ராமை இவையே தின்றுவிடுகின்றன.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினால் போதுமா, இல்லை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாமா? மாலையில் இதே லேப்டாப்பில்தான் மாப்பிள்ளை கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவார்.

---

பனங்காடு எழுதியது:

யோசிக்கவே வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள். விளம்பரம் கிடையாது, ஆன்டிவைரஸுக்குச் சந்தா கிடையாது. நான் பல வருடங்களாக அதில்தான் இருக்கிறேன்.

---

வடம்போக்கித்தெரு எழுதியது:

முதலில் இவை ஏன் வருகின்றன என்று பார்த்துவிடுவோம்.

லேப்டாப் வியாபாரத்தில் லாபம் மெல்லியது. அதனால் ஆன்டிவைரஸ் கம்பெனி, விளையாட்டுக் கம்பெனி, ஷாப்பிங் தளம் எல்லாரிடமும் காசு வாங்கிக்கொண்டு தயாரிப்பாளர் உங்கள் டெஸ்க்டாப்பில் இடம் கொடுக்கிறார். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருள் உங்கள் கைக்கு வரும் முன்பே இன்னொருவருக்கு வாடகைக்குப் போய்விட்டது. 2008-ல் சோனி ஒரு படி மேலே போனது. வயோ லேப்டாப்பில் இந்தக் குப்பைகள் இல்லாமல் வேண்டுமானால் சுமார் 50 டாலர் தனியாகக் கட்டு என்று அமெரிக்காவில் ஒரு திட்டம் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

வேகம் குறைவது மட்டும் என்றால் நானும் பொறுத்துக்கொள்வேன். சூப்பர்ஃபிஷ் விஷயம் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் இந்தப் பெயரில் ஒரு மென்பொருள் முன்கூட்டியே பதிந்து வந்தது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களில் விளம்பரம் செருகுவதுதான் அதன் வேலை. ஆனால் வங்கித் தளம், ஜிமெயில் மாதிரி பூட்டுப் படம் போட்ட பக்கங்களில் நடுவில் யாரும் நுழைய முடியாது அல்லவா? அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு தளம் உண்மையானதா என்று சரிபார்க்க விண்டோஸ் வைத்திருக்கும் நம்பகச் சான்றிதழ்ப் பட்டியலில் தங்கள் சொந்த ரூட் சான்றிதழைப் போட்டுவிட்டார்கள். அதன்பின் நீங்கள் எந்த வங்கிக்குப் போனாலும் பிரவுசருக்குக் கிடைப்பது வங்கியின் சான்றிதழ் அல்ல, சூப்பர்ஃபிஷ் அந்த இடத்திலேயே தயாரித்துக் கொடுக்கும் நகல். பூட்டுப் படம் வழக்கம்போல் தெரியும்.

இதைவிட மோசம், எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரகாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை உடைத்து வெளியிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த கம்பெனியின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். அதாவது ஒரு காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரரின் வங்கிப் பக்கத்தைப் போலியாகக் காட்ட யாராலும் முடியும் என்ற நிலை. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் அங்கேயே கிடந்தது. அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2017-ல் சமரசம் ஆகித்தான் வழக்கு முடிந்தது. அதே 2015 நவம்பரில் டெல் லேப்டாப்களிலும் இதே மாதிரி ஒரு சான்றிதழ் மாட்டியது.

அதனால் அன்இன்ஸ்டால் பட்டனை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. எதைப் போடுவது என்பது பிள்ளையின் படிப்பைப் பொறுத்தது.

---

அச்சுக்கூடம் எழுதியது:

பனங்காடு சார் மேல் மரியாதை உண்டு. ஆனால் "லினக்ஸ் போடு" என்று ஒரு வரியில் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் விழா போஸ்டர். என் வேலை முழுக்க வானவில் எழுத்துருக்களும் பாமினியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அச்சுக்குப் போகும் தமிழ் பெரும்பாலும் பழைய குறியாக்கத்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவருவது பேஜ்மேக்கர் ஃபைல், கோரல்டிரா ஃபைல். லினக்ஸில் ஓடும் இன்க்ஸ்கேப்பில் கோரல் ஃபைல் திறக்கும், மறுக்கவில்லை. ஆனால் திறந்ததும் எழுத்து நகர்ந்திருக்கும், நிழல் காணாமல் போயிருக்கும். மாப்பிள்ளை பெயரில் ஒரு கொம்பு விழுந்து அச்சாகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

எனக்கு விண்டோஸ் மேல் பாசம் ஒன்றும் இல்லை. வேலை அதில் இருக்கிறது, அவ்வளவுதான். கல்லணை அவர்களே, பி.காம். என்றால் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் வரும். டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். அதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

---

செம்பருத்தி எழுதியது:

ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்லணை அண்ணா, உங்களுக்கு முதலில் தேவை சுத்தமான விண்டோஸ். அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

துடைப்பதற்கு முன் ஒரு வேலை. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் வீட்டுப் பதிப்பு விலையிலேயே சேர்ந்து வரும். பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும். வேர்டையோ எக்செலையோ திறந்து, பிள்ளையின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள். அதன்பின் எத்தனை முறை துடைத்தாலும் கணக்கில் இருக்கும். இதைச் செய்யாமல் துடைத்துவிட்டு எங்களிடம் வந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

அப்புறம், கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும். உங்கள் வைஃபை கார்டுக்கு டிரைவர் அதில் இல்லையென்றால் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஃபோனைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தாலும் (யு.எஸ்.பி. டெதரிங்) சமாளிக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் நிறுவல் வட்டு செய்யுங்கள். சாவி எண் தேடி அலைய வேண்டாம், அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பை நிறுவல் நிரல் தானாகவே எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டு நிறுவுங்கள். கம்பெனியின் ரிகவரி பார்ட்டிஷனும் போய்விடும். கம்பெனி ரிகவரியில் போட்டால் அதே குப்பைகள் அப்படியே திரும்ப வந்துவிடும் என்பதால் அது போவது நல்லதுதான்.

ஆன்டிவைரஸ் தனியாக வேண்டாம். விண்டோஸ் டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

---

கல்லணை எழுதியது:

நன்றி சகோதரி. ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுப் பையன் இப்படித்தான் முழுதாகத் துடைத்துப் போட்டான். இணையம் வந்ததும் கம்பெனி ஆப் ஒன்று தானாக வந்து உட்கார்ந்துவிட்டது என்கிறான். அது எப்படி?

---

வடம்போக்கித்தெரு எழுதியது:

நடக்கும். விண்டோஸ் 8 காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி கொண்டுவந்தது. கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் சிப்பில் தயாரிப்பாளர் ஒரு சிறு நிரலை வைத்திருந்தால், விண்டோஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதை எடுத்து ஓட்டும். திருட்டுப்போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் போன்றவற்றுக்காகச் செய்தது. டிஸ்க்கையே மாற்றினாலும் அது பிழைத்திருக்கும்.

தயாரிப்பாளர்கள் இதைத் தங்கள் ஆப்பை நுழைக்கும் வழியாக ஆக்கிக்கொண்டார்கள். 2015-ல் லெனோவோவின் சில மாடல்களில் இது பெரிய செய்தியானது. அதில் பாதுகாப்பு ஓட்டையும் இருந்ததால் நிறுத்திவிட்டு, நீக்குவதற்குக் கருவி கொடுத்தார்கள். ஆசுஸ் மதர்போர்டுகளில் ஆர்மரி கிரேட் என்ற அந்தக் கம்பெனி ஆப்பை நிறுவச் சொல்லி வரும் பெட்டியும் இந்த வழியில்தான் வருகிறது. அதை பயாஸுக்குள் போய் அணைக்கலாம். மற்றக் கம்பெனிகளிலும் பயாஸில் ஒரு முறை தேடிப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவரோடு சேர்ந்து வரும் ஆப்களும் உண்டு, பையனுக்கு வந்தது அதுவாகவும் இருக்கலாம்.

லினக்ஸ் இந்த பயாஸ் நிரலை எடுத்து ஓட்டாது.

---

பனங்காடு எழுதியது:

அச்சுக்கூடம் அண்ணனின் கோபம் புரிகிறது. அவர் தொழிலுக்கு நான் சொன்னது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு விஷயத்தைப் பேசாமல் விட முடியாது.

விண்டோஸ் வேண்டாம் என்றாலும் அதன் விலை லேப்டாப்போடு சேர்ந்தே நம் தலையில் விழுகிறது. 1999 பிப்ரவரி 15 அன்று கலிஃபோர்னியாவில் லினக்ஸ் பயனர்கள் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு நேரில் போய், பயன்படுத்தாத விண்டோஸுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இத்தாலியில் ஒருவர் லெனோவோ லேப்டாப் வாங்கி, விண்டோஸ் ஒப்பந்தத்தை ஏற்காமல் பணத்தைக் கேட்டார். நீதிமன்றம் 42 யூரோவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கம்பெனி அந்த 42 யூரோவுக்காக மேல்முறையீடு போனது. 2020-ல் மோன்சா நீதிமன்றம், வழக்கை வேண்டுமென்றே இழுத்தடித்ததற்காக அவருக்கு 20,000 யூரோ கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நம் ஊரில் இப்படிக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

நம் ஊரில் நடப்பது வேறு. விண்டோஸ் இல்லாமல் ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட லேப்டாப் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரர் "விண்டோஸ் நான் போட்டுத் தருகிறேன்" என்பார். போடுவது திருட்டுப் பதிப்பு. அதை ஆக்டிவேட் செய்யும் நிரல் ஓடுவதற்காக டிஃபெண்டரை அணைத்துவிடுவார்கள். பிறகு அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங். கம்பெனி போட்ட குப்பையாவது பெயர் தெரிந்த குப்பை. இந்த ஆக்டிவேட்டரை யார் எழுதினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. இதைவிட மின்ட் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் நான் மாறமாட்டேன்.

---

மணிமுத்தாறு எழுதியது:

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2011-ல் நம் மாநிலத்தில் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ், தமிழ் வசதியோடு. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் திரை வரும். என் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாவது வரியைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. பலர் இடம் வேண்டும் என்று பக்கத்துக் கடையில் கொடுத்து அழித்துவிட்டார்கள். அதில் என்ன செய்யலாம் என்று அவர்களுக்குச் சொல்ல எங்களுக்கே யாரும் பயிற்சி தரவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பாஸ் லினக்ஸும் கேட்காமல் வந்த வேண்டாத மென்பொருள்தான். இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு வருத்தம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இப்போது கைட் நிறுவனம், பள்ளிகளை முழுக்க லினக்ஸுக்கே கொண்டுபோய்விட்டது. ஐ.டி. பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டது. ஜியோஜீப்ராவில் கணக்கு, டக்ஸ் பெயின்டில் சின்னப் பிள்ளைகள், செய்முறைத் தேர்வும் அதில்தான். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கணினி பழுதானால் பார்க்க ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்பது ஒரு புரட்சி இல்லை, பள்ளியில் இருக்கும் கணினி.

லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று பனங்காடு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதமாவது ஃபோனில் கூட இருங்கள்.

---

பனங்காடு எழுதியது:

சார், நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. கல்லணை லினக்ஸ் போட்டால் அந்தப் பிள்ளையின் சந்தேகங்களுக்கு நான் பொறுப்பு.

---

செம்பருத்தி எழுதியது:

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ள நினைத்தால் டிஸ்க்கில் 100 ஜி.பி. ஒதுக்கினால் மின்டுக்குத் தாராளம். ஆனால் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 ஹோமில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி சாவி கேட்கும். அது கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலிலேயே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, முழுதாகத் திறக்கும்வரை காத்திருங்கள்.

அடுத்தது, லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்பார்கள். கணினி டிஸ்க்கை அணுகும் முறை பயாஸில் இன்டெல் ஆர்.எஸ்.டி. என்று இருந்தால் இப்படி ஆகும். ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காது. விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, அந்த ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை நுழைந்தபின் விண்டோஸை வழக்கமாகத் தொடங்கும்படி திருப்பினால் சரியாகிவிடும். நீங்கள் எப்படியும் விண்டோஸைப் புதிதாகப் போடப் போகிறீர்கள். அதற்கு முன்பே இதை மாற்றிவிட்டால் இந்தச் சுற்று வேலையே இல்லை.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கம் போனால் விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணையுங்கள்.

எதையும் நிறுவும் முன் மின்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் நான்கும் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

டேலி பற்றி: உரிமம் இல்லாமல் எஜுகேஷன் மோடில் பழகலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் வவுச்சர் போட விடும், பாடத்துக்கு அது போதும். ஆனால் விண்டோஸில் வைத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் தேர்வுகளில் கேட்கும் கண்காணிப்பு பிரவுசர்களில் சிலவும் லினக்ஸுக்கு இல்லை. சேஃப் எக்ஸாம் பிரவுசர் அப்படி ஒன்று.

ஜி.எஸ்.டி.க்குக் கவலை வேண்டாம். தனிநபர் வணிகம் என்றால் ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி.யிலேயே ரிட்டர்னை முடிக்கலாம், பிரவுசர் இருந்தால் போதும். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. என்றால்தான் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயம். அதை லினக்ஸில் ஓட வைப்பது சிரமமான வேலை.

---

வெண்டைத்தோட்டம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லினக்ஸில் தமிழ் தட்டச்சு எப்படி? நான் தமிழ்99 விசைப்பலகை பழகியவன்.

---

பனங்காடு எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். மின்டில் ஐபஸ் என்ற தட்டச்சு நிரல், அதோடு விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஃபோனெட்டிக், பழைய டைப்ரைட்டர் மூன்றும் வந்துவிடும். உபுண்டுவில் கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்க்கும்போதே தமிழ்99 பட்டியலில் இருக்கும். லிப்ரே ஆபீஸில் தமிழ் உடையாமல் வரும். பாமினி எழுத்துரு கோப்பு கையில் இருந்தால் அதை நிறுவி, அந்தப் பழைய ஆவணங்களைப் படிக்கலாம். ஆனால் அச்சுக்கூடம் அண்ணன் சொன்ன வானவில்லின் கீபோர்டு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான்.

---

கல்லணை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம். புது லேப்டாப்பில் சுத்தமான விண்டோஸ் போட்டாகிவிட்டது, ஆபீஸைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் துடைத்தோம். பயாஸிலும் தேடி அந்த ஆப் வரும் வழியை அணைத்தாயிற்று. சிவப்புப் பெட்டி போனதே பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. லினக்ஸை அதில் இப்போதைக்குப் போடவில்லை, முதல் செமஸ்டர் முடியட்டும்.

மாப்பிள்ளை கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், விண்டோஸ் 10. அதை என்ன செய்யலாம்? பில் அடிப்பது பிரவுசரில், பிரிண்டர் எச்.பி. லேசர்.

---

செம்பருத்தி எழுதியது:

அதற்கு மின்ட் சரியான பொருத்தம் அண்ணா. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், அந்த மெஷினில் முறைப்படி ஏறாது. பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான மின்ட் 22 எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடுங்கள், 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள், ராமையும் 8 ஆக்கினால் நல்லது. எச்.பி. பிரிண்டர்களுக்கு எச்.பி.லிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது, பெரும்பாலானவை இணைத்ததும் வந்துவிடும். பென் டிரைவிலிருந்து ஓட்டும்போதே ஒரு பில் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள்.

---

பனங்காடு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அழையுங்கள், எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன். கடையில் உட்காருபவரே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தன் கையால் நிறுவட்டும், நான் கூட இருந்து சொல்கிறேன். பழைய பில் கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.